சங்கேதக் குறுக்கெழுத்தை அவிழ்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாதாரணக் குறுக்கெழுத்துக்கும் சங்கேதக் குறுக்கெழுத்துக்கும் என்ன வித்தியாசம்?

கட்டம் ஒன்றுதான். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று நிரப்புவதும் ஒன்றுதான். குறிப்பு மட்டும் வேறு ரகம்.

சாதாரணப் புதிரில் "ஆலயம் (3)" என்று கேட்டால் கோவிலா, கோயிலா என்ற சந்தேகம் கடைசிவரை இருக்கும். குறுக்கே வரும் சொல் கிடைத்தால்தான் அது தீரும். சங்கேதப் புதிரில் அதே விடைக்கு இப்படி ஒரு குறிப்பு வரலாம்:

அரசன் ஆயுதத்தோடு வந்தால் ஆலயம் (3)

அரசன் என்றால் கோ. ஆயுதம் என்றால் வில். இரண்டும் சேர்ந்தால் கோவில். கோயில் என்று எழுத வழியே இல்லை, ஏனென்றால் 'யில்' என்று ஓர் ஆயுதம் கிடையாது. ஆக, குறிப்புக்குள் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று விடையின் நேர்ப்பொருள், இங்கே 'ஆலயம்'. மற்றது அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாகக் கட்டிக் காட்டும் சொல்விளையாட்டு. இரண்டு வழியும் ஒரே சொல்லில் போய் முடிந்தால் விடை சரி. யாரிடமும் கேட்டுச் சரிபார்க்க வேண்டியதில்லை. எனக்கு இந்த விளையாட்டின் மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு முதல் காரணம் அதுதான்.

ஒரு குறிப்பைக் கையில் எடுத்ததும் எங்கே தொடங்குவது?

முதல் வேலை, குறிப்பு சொல்லும் கதையை மறப்பது. குறிப்பை எழுதியவர் அந்த வாக்கியத்தை ஒரு நிகழ்ச்சி போலவோ பேச்சு போலவோ சமைத்திருப்பார். அது திசைதிருப்புவதற்காகச் சமைத்தது. ஒவ்வொரு சொல்லையும் தனியாகப் பிடித்து "நீ இங்கே எதற்கு?" என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, நேர்ப்பொருள் எந்த முனையில் இருக்கிறது என்று பார்ப்பது. அது குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும் அல்லது முடிவில் இருக்கும். நடுவில் இருக்காது. தமிழ் வாக்கிய அமைப்புக்கு முடிவில் வைப்பது இயல்பாக வருவதால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தேடுவேன்.

இதைப் பாருங்கள்:

சமயத்துக்கு முன் கொடு என்று கேட்டும் காலம் கடத்தல் (4)

படித்ததும் மனத்தில் வருவது கடன் கொடுத்தவரின் புலம்பல். அதை ஒதுக்குங்கள். கடைசியில் 'காலம் கடத்தல்' இருக்கிறது, அதை நேர்ப்பொருளாக வைத்துக்கொள்வோம். மீதி இருப்பது 'சமயத்துக்கு முன் கொடு'. காலத்தைப் பற்றிப் பேசும் வாக்கியத்தில் சமயம் என்றால் நேரம் என்றுதான் தோன்றும். ஆனால் சமயம் என்றால் மதமும்தானே? மதம் என்ற சொல்லுக்கு முன் 'கொடு' என்ற பொருளுள்ள ஏதோ ஒன்று. இலக்கணத்தில் ஈ, தா, கொடு மூன்றும் ஒரே வேலைக்கான சொற்கள். தாழ்ந்தவன் 'ஈ' என்பான், ஒத்தவன் 'தா' என்பான், உயர்ந்தவன் 'கொடு' என்பான். ஈமதம் என்று ஒன்றில்லை. தா + மதம் = தாமதம். காலம் கடத்தலேதான். நான்கு எழுத்தும் சரி.

'என்று கேட்டும்' என்பது இரண்டு பாதிகளையும் ஒட்டவைக்கும் இணைப்பு. அவ்வளவுதான் அதற்கு வேலை.

அடைப்புக்குறியில் இருக்கும் எண்ணை எப்படிக் கணக்கிடுவது?

உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எல்லாம் ஆளுக்கு ஒரு கட்டம். திங்கள் என்பது தி, ங், க, ள் என்று நான்கு. 'கோ' எவ்வளவு அகலமாக எழுதினாலும் ஒன்றுதான். ஒலியை வைத்து எண்ணக் கூடாது, எழுத்தை வைத்து எண்ண வேண்டும்.

எழுத்துகளைக் கலைத்துப்போட்ட குறிப்பு என்று எப்படித் தெரியும்?

கலைந்து, குழம்பி, சிதறி, உடைந்து, புரண்டு, ஆடி, திருத்தி போன்ற சொல் ஒன்று காட்டிக்கொடுக்கும். அதன் பக்கத்தில் விடையின் எழுத்தெண்ணிக்கைக்குச் சமமான ஒரு சொல்லோ தொடரோ இருந்தால் கிட்டத்தட்ட உறுதி.

நகரம் குலைந்தால் பாவிகள் போகுமிடம் (4)

ந, க, ர, ம். நரகம். கலைக்கும்போது உயிர்மெய் பிரியாது. 'கி' என்பது கி-யாகவேதான் இடம் மாறும், க் தனி இ தனி ஆகாது. ஆங்கிலப் புதிர் போட்டுப் பழகியவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். ஆனால் இதில் ஒரு சௌகரியம் உண்டு. நான்கு எழுத்தில் ஒன்று மெய்யாக இருந்தால் அது விடையின் முதலில் வரவே முடியாது, பெரும்பாலும் கடைசியில்தான் வரும். 'ம்' போக மீதி மூன்றைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும்.

விடை குறிப்புக்குள்ளேயே ஒளிந்திருக்குமாமே?

ஆமாம், கண்ணெதிரே இருக்கும். "வீசுக வலையை, உள்ளே மாட்டியிருப்பது துயரம் (3)" என்ற குறிப்பில் 'வீசுக வலையை' என்பதன் நடுவே கவலை உட்கார்ந்திருக்கிறது. உள்ளே, இடையில், மறைந்து, அகப்பட்டு என்ற சொற்கள் அடையாளம். சொற்களுக்கு இடையே உள்ள இடைவெளியைக் கண் மதிக்கும்வரை இது தெரியாது. இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதிப் பாருங்கள்.

முதலை என்றால் முதலை இல்லை, கடை என்றால் கடை இல்லை என்கிறார்களே, அது என்ன?

இதுதான் தமிழில் இந்த விளையாட்டு உச்சம் தொடும் இடம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு சொல்லின் முதல் எழுத்தையோ கடைசி எழுத்தையோ நீக்கச் சொல்வது எல்லா மொழிப் புதிர்களிலும் உண்டு. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், நீக்கச் சொல்லும் கட்டளையே வேறொரு பொருளாக உருமாறிவிடுகிறது. முதல் + ஐ = முதலை.

தாமரையின் முதலை விரட்டினால் மான் (2)

குளம், தாமரை, அதில் ஒரு முதலை, கரையில் தண்ணீர் குடிக்கக் காத்திருக்கும் மான். காட்சி கண்முன் வந்துவிடும். ஆனால் சொல்லியிருப்பது 'தாமரை' என்ற சொல்லின் முதலை, அதாவது முதல் எழுத்தை, விரட்டு என்பதுதான். தா போனால் மரை. மரை என்பது ஒருவகை மான். இந்தக் குறிப்பில் ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை.

அதேபோல் கடை என்றால் கடைசி. "கடலைக் கடையை மூடினால் தாண்டிப் போ (2)" என்பதில் 'கடலை'யின் கடை எழுத்தான லை மூடப்படுகிறது. மிச்சம் 'கட'.

தலை, முகம், முதல் எல்லாம் முதல் எழுத்து. வால், ஈறு, கடை, அடி எல்லாம் இறுதி எழுத்து. இடை, நடு, வயிறு எல்லாம் மத்தி. முடி என்ற சொல் மட்டும் இரண்டு பக்கமும் பேசும். தலையில் இருப்பதும் முடி, முடிவதும் முடி. அது வந்தால் இரண்டையும் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஆனால் 'கால்' எல்லாவற்றையும் விஞ்சிவிடும். உடலின் கால், கால்பங்கு, காற்று, வாய்க்கால், சொல்லின் அடி எழுத்து. அதோடு நாம் எழுதும் துணைக்காலும் ஒரு கால்தான்.

பாடம் காலை இழந்தாலும் திரையில் ஓடுவது (3)

'காலை' என்றதும் பள்ளிக்கூடத்துக் காலை நேரம் நினைவுக்கு வரும். உண்மையில் 'பா'வின் துணைக்காலைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்தால் படம். காலை இழந்தபின் ஓடுகிறது! வரிவடிவத்தையே விளையாட்டாக்கும் வசதி நம் எழுத்துக்கு இருக்கிறது. கொம்பு முளைக்கலாம், புள்ளி வைக்கலாம், புள்ளியை அழிக்கலாம், குறில் நீளலாம், நெடில் குறுகலாம். "புள்ளியிழந்த பல் நிறைய (2)" என்றால் 'பல'. இந்தவகைக் குறிப்புகளை இன்னும் நிறையப் பேர் எழுத வேண்டும் என்பது என் ஆசை.

தலைகீழாகப் படிக்கும் குறிப்புகள் ஏன் தமிழில் குறைவு?

எந்தச் சொல்லும் மெய்யெழுத்தில் தொடங்காது. அதனால் மெய்யில் முடியும் சொல்லைத் திருப்பவே முடியாது. மரம், வயல், மகன் எல்லாம் போய்விட்டன. உயிரொலியில் முடியும் சொற்கள்தான் மிச்சம், அவற்றிலும் திருப்பினால் பொருள் தருபவை கொஞ்சம்தான். கிடைக்கும்போது அழகாகக் கிடைக்கும்:

கைதி திரும்பிய திசை (2)

திகை. திசை என்பதற்குப் பழைய பாடல்களில் வழங்கிய இன்னொரு வடிவம் அது. மூன்றே சொல். வீண் என்று ஒன்றில்லை.

கேள்விப்படாத சொற்களெல்லாம் வருகின்றன. அவற்றை எங்கே தேடுவது?

முதலில் படிக்க வேண்டியது ஓரெழுத்து ஒருமொழிகள். நன்னூல் 42 சொல்கிறது. குறிப்பு எழுதுகிறவர் கையில் எப்போதும் இருப்பவை இவை: ஆ (பசு), ஏ (அம்பு), கா (சோலை), கோ (அரசன்), சோ (மதில்), நா (நாக்கு), பா (செய்யுள்), மா (குதிரை, விலங்கு, பெரிய), மீ (மேல்), வீ (மலர்). "அம்பு" என்று குறிப்பில் பார்த்தவுடன் 'ஏ' நினைவுக்கு வரும் அளவுக்குப் பழகிவிட்டால் பாதிக் கதவுகள் திறந்த மாதிரிதான்.

அடுத்தது தமிழ் எண்கள். 1 என்பது க, 2 என்பது உ, 7 என்பது எ, 8 என்பது அ போலத்தான் எழுதப்படும். கால் என்ற பின்னத்துக்கு வ. "அச்சத்தின் முன் எட்டு வைத்தால் அடைக்கலம் (4)" என்ற குறிப்பில் எட்டு வைப்பது துணிந்து அடியெடுப்பது போல இருக்கும். பயம் என்ற சொல்லுக்கு முன் 'அ' வைக்க வேண்டும், அவ்வளவுதான். அபயம். சுரங்களையும் மறக்காதீர்கள். ச, ரி, க, ம, ப, த, நி ஏழும் ஆளுக்கோர் எழுத்து.

பெரிய சொற்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிதான் என் முதல் துணை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் தேடிப் பார்க்கும் வசதியோடு இருக்கிறது. அதோடு நிகண்டுகள். ஒரு பொருளுக்குப் பல பெயர், ஒரு பெயருக்குப் பல பொருள் என்று வகுத்துவைத்த நூல்கள் அவை, கிட்டத்தட்ட இந்த விளையாட்டுக்காகவே செய்தது போல இருக்கும். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி முழுவதும் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத்தான் சொல்கிறது. சும்மா பொழுதுபோக்காகத் தினம் நாலு பாட்டுப் படித்தாலே போதும், சில மாதங்களில் வித்தியாசம் தெரியும்.

விடைச்சொல்லே தெரியாதபோது எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

முடியும். சொல்விளையாட்டு இருப்பதே அதற்குத்தான். "கதவு உடைந்ததும் தெரியவந்த தகுதி (3)" என்ற குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். க, த, வு மூன்றையும் மாற்றிப்போட்டால் உச்சரிக்கத் தக்கதாகக் கிடைப்பது தகவு. கேட்ட சொல் போல இல்லாவிட்டாலும் எழுதிவிடலாம். பிறகு அகராதியைத் திறந்தால் தகுதி என்றே போட்டிருக்கும். "தக்கார் தகவிலர் என்பது" என்று பள்ளியில் குறளில் படித்ததும் நினைவுக்கு வரும்.

எதிர்த்திசையிலும் நடக்கும். "இரும்புக்குள் பாட்டு நுழைந்தால் ஆபத்து (4)" என்பதில் ஆபத்து, நான்கு எழுத்து என்றதும் அபாயம் என்று பலருக்கும் தோன்றிவிடும். பாட்டு என்பது பா. அதை எடுத்துவிட்டால் மீதி அயம். அப்படியென்றால் அயம் என்றால் இரும்பாக இருக்க வேண்டும் என்று நாமே முடிவுக்கு வருகிறோம். இரும்புதான். இப்படிக் கண்டுபிடித்த சொல் லேசில் மறக்காது.

குறுக்கே கிடைத்த ஓரிரு எழுத்தை வைத்து மீதியை ஊகிக்க வழி உண்டா?

தமிழில் இதற்கு இருக்கும் வசதி பெரிது. மெய்ம்மயக்கம் என்று இலக்கணத்தில் படித்து அலுத்துப்போன பகுதிதான் இங்கே சாவி.

க், ச், த், ப் நான்கும் தன் இனத்தோடு மட்டுமே சேரும். கட்டத்தில் 'த்' விழுந்திருந்தால் அடுத்தது த, தா, தி வரிசைதான். பக்தி, சக்தி போன்ற வடசொற்கள் மட்டும் விலக்கு. ட், ற் இரண்டுக்கும் பின்னால் தன் இனம் வரலாம், இல்லையென்றால் க, ச, ப வரிசை: வெட்கம், முயற்சி, கற்பு. ங் வந்தால் அடுத்து பெரும்பாலும் க வரிசை. ஞ் வந்தால் முதலில் ச வரிசையைப் போட்டுப் பாருங்கள், மஞ்ஞை போல எப்போதாவது ஏமாற்றும்.

சொல்லின் இறுதியில் க், ச், ட், த், ப், ற் வராது. கடைசிக் கட்டத்தில் இவற்றில் ஒன்று விழுந்தால் குறுக்கே போட்ட விடை தவறு, சந்தேகமே வேண்டாம். முதல் கட்டத்தில் ட, ர, ல வந்தால் பிறமொழியிலிருந்து வந்த சொல்லைத் தேடுங்கள்: ரகசியம், லாபம், டமாரம். ண, ழ, ள, ற, ன வந்தால் எங்கோ பிழை.

அகராதி பார்ப்பது, அடுத்தவரிடம் கேட்பது எல்லாம் ஏமாற்றா?

இல்லை. போட்டியாக இருந்தால் அதன் விதிப்படி நடக்க வேண்டும். மற்றபடி பார்க்கலாம். விடைப்பட்டியலைப் பார்த்துவிட்டு 'ஏன் இப்படி?' என்று பின்னோக்கி அவிழ்ப்பதும் நல்ல பயிற்சிதான், தொடக்கத்தில் அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

ஒரு குறிப்பு நியாயமானதா என்று எப்படிச் சொல்வது?

ஏ. எஃப். ரிச்சி என்பவர் அஃப்ரிட் என்ற புனைபெயரில் ஆங்கிலப் புதிர்கள் அமைத்தவர். 1949இல் அவர் சொன்ன விதி இன்றும் அளவுகோலாக இருக்கிறது. அதன் சாரம் இது: குறிப்பு எழுதுபவர் தான் சொல்வதை அப்படியே பொருள்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் தான் கொண்ட பொருளைச் சொல்லியே ஆகவேண்டும்.

தாமரைக் குறிப்புக்குத் திரும்புங்கள். அதில் நீக்கச் சொன்னார்கள், எதை என்று சொன்னார்கள், கிடைப்பது என்ன என்றும் சொன்னார்கள். மறைத்தது எதுவும் இல்லை. அதையே "தாமரைக் குளத்தில் முதலையும் மானும் (2)" என்று எழுதினால் படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நீக்கச் சொல்லும் சொல் இல்லை, 'குளத்தில்' என்பதற்கு வேலை இல்லை. விடையைக் கேட்டவருக்கு எரிச்சல்தான் வரும். விடை தெரிந்தபின் "அடடா, இது எனக்குத் தோன்றாமல் போச்சே" என்று சொல்ல வைத்தால் நல்ல குறிப்பு. "இதை எப்படி நான் கண்டுபிடிப்பேன்?" என்று கேட்க வைத்தால் குறை எழுதியவருடையது.

இது ஆங்கிலேயர் விளையாட்டு. தமிழுக்கு ஒட்டுமா?

கட்டம் வெளியிலிருந்து வந்தது, மறுக்கவில்லை. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட வைர வடிவப் புதிரைத்தான் முதல் குறுக்கெழுத்து என்பார்கள். அதைச் சங்கேதமாக வளர்த்தது இங்கிலாந்து. அப்சர்வர் இதழில் 1926 முதல் புதிர் அமைத்தவர் டார்க்கமாடா என்று பெயர் வைத்துக்கொண்டார். ஸ்பெயினில் மதவிசாரணை நடத்திச் சித்திரவதை செய்தவரின் பெயர் அது. அவருக்குப் பின் வந்தவரும் இன்னொரு விசாரணையாளர் பெயரில் சிமனிஸ் ஆனார். 1972இல் வந்தவர் டேசா என்ற விசாரணையாளரின் பெயரை ஆங்கில எழுத்தில் திருப்பிப் போட்டு ஏஸெட் ஆனார். பெயரிலேயே ஒரு சங்கேதம்.

ஆனால் சொல்லை மறைத்துச் சொல்லும் கலை நமக்குப் புதிதா? ஔவையார் பேரில் வழங்கும் தனிப்பாடல் "எட்டேகால் லட்சணமே" என்று தொடங்குகிறது. எட்டு அ, கால் வ. அவலட்சணமே என்று திட்டுகிறார். அடுத்து எமனேறும் பரியே என்கிறார், எருமையே என்று பொருள். இதில் முதலாவதை இன்றைய புதிர் எதிலும் அப்படியே தூக்கிப் போடலாம். காளமேகம் ஒரே வெண்பாவைப் பாம்புக்கும் எள்ளுக்கும் பொருந்தும்படி பாடினார். சிலேடை, விடுகதை, மாலைமாற்று எல்லாம் பழகிய மொழிக்கு இந்தக் கட்டம் ஒட்டாமல் போகுமா?

பயிற்சிக்குச் சில குறிப்புகள் தர முடியுமா?

தருகிறேன். விடைகளைக் கீழே விளக்கத்தோடு வைத்திருக்கிறேன், முயன்ற பிறகு பாருங்கள்.

1. கழுத்தில் விழும் பொழுது (2)
2. இடையொடிந்த குதிரையே, நாய்போல் சத்தமிடு (2)
3. பண்ணுக்குக் கொம்பு முளைத்தால் மங்கை (2)
4. ழகரம் வராத வாயில் வாழை மீனாகும் (2)
5. இரண்டு சுரங்களும் கையும் சேர்ந்த பொன்னிழை (3)

முதலாவது இரட்டைப் பொருள். கழுத்தில் விழுவதும் மாலை, பொழுதும் மாலை. 'விழும்பொழுது' என்று சேர்த்துப் படித்தவர்கள் மாட்டிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவதில் குதிரையின் நடு எழுத்தான தி ஒடிந்தால் குரை. மூன்றாவதில் 'ப'வுக்கு ஒற்றைக்கொம்பு வைத்தால் பெண். நான்காவது ஒலியை வைத்து வருவது, வாழையை ளகரத்தில் சொன்னால் வாளை. ஐந்தாவதில் எந்த இரண்டு சுரம் என்று சொல்லவில்லை, அதனால் பொன்னிழையிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். ச, ரி, கை. சரிகை. எந்தச் சுரம் என்று சொல்லாமல் விட்டதால் என் அளவுகோல்படி இது கொஞ்சம் தளர்வான குறிப்புதான். "அடுத்தடுத்து வரும் முதலிரண்டு சுரங்கள்" என்று போட்டால் இறுகிவிடும், ஆனால் மிகவும் எளிதாகிவிடும். எது மேல் என்பதைப் போட்டுப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.